ஷான்டெல் மலோனின் பக்கம்: வேர்ல்ட் அத்லெட்டிக்ஸ் தளம் பற்றி ஒரு பயிற்சியாளரின் விமர்சனம்

பள்ளி மாணவிகளுக்கு நீளம் தாண்டுதல் சொல்லிக்கொடுக்கிறவள் நான். உலகத் தடகள விளையாட்டை நிர்வகிக்கும் வேர்ல்ட் அத்லெட்டிக்ஸ் அமைப்பின் தளத்தில் சர்வதேச அளவில் ஆடும் வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு தனிப் பக்கம் இருக்கிறது. பணம் கட்ட வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், பெயரைத் தட்டினால் போதும். இதைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். பெரிய நாட்டு நட்சத்திரங்களை வைத்து எழுதினால் இதன் அருமை தெரியாது. அவர்களைப் பற்றி எங்கே தேடினாலும் கிடைக்கும். அதனால் நான் மனதாரக் கொண்டாடும் ஒரு வீராங்கனையின் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்: பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் ஷான்டெல் மலோன்.

கரீபியனில் இருக்கும் அந்தத் தீவுகள் தனி நாடு அல்ல, பிரிட்டனின் ஆட்சிப்பகுதி. எல்லாத் தீவுகளையும் சேர்த்தே சுமார் 30,000 பேர்தான். ஆனாலும் 1984 முதல் ஒலிம்பிக்கில் தங்கள் கொடியோடு தனி அணியாக வருகிறார்கள். தேடும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். பக்கத்திலேயே அமெரிக்க வர்ஜின் தீவுகள் என்று இன்னோர் அணி இருக்கிறது. தளத்தில் பிரிட்டிஷ் தீவுகளுக்கு ஐ.வி.பி., அமெரிக்கத் தீவுகளுக்கு ஐ.எஸ்.வி. என்று குறியீடு. அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

மலோனின் பக்கத்தைத் திறந்ததும் நீளம் தாண்டுதலுக்கான தனிப்பட்ட சிறந்த அளவு கண்ணில் படும்: 7.08 மீட்டர், 2021 மார்ச், அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் மிராமர். பெண்கள் நீளம் தாண்டுதலில் ஏழு மீட்டர் என்பது லேசில் தாண்ட முடியாத எல்லை. நன்றாகத் தாண்டும் பலருக்கும் வாழ்நாளில் அது ஒருமுறைகூட அமையாது. அந்தத் தாண்டல் அவருடைய தீவுகளின் தேசிய சாதனை.

அளவுக்குப் பக்கத்தில் காற்றுக்கு ஒரு கட்டம் இருக்கும். இந்தத் தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பின்காற்று வினாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் அடித்தால் அந்தத் தாண்டல் சாதனைக் கணக்கில் சேராது, ஆனால் அன்றைய போட்டியில் இடம் பிடிக்க அது செல்லும். காற்று உதவிய அளவுகளை இந்தத் தளம் தனியாகக் குறித்துக் காட்டிவிடுகிறது. செய்தித்தாள்களில் இந்த விவரம் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். என் பிள்ளைகளுக்கு ஓர் அளவைக் காட்டுவதற்கு முன்னால் அந்தக் கட்டத்தைப் பார்க்கச் சொல்லித்தான் பழக்கியிருக்கிறேன்.

அப்புறம் பட்டங்கள் பகுதி. 2019 ஆகஸ்டில் லிமாவில் நடந்த, வட, தென் அமெரிக்க நாடுகள் மோதும் பான் அமெரிக்கன் விளையாட்டுப் போட்டியில் 6.68 மீட்டர் தாண்டித் தங்கம். அமெரிக்காவின் கெட்டுரா ஓர்ஜிக்கு 6.66. இரண்டே சென்டிமீட்டர் வித்தியாசம்! பான் அமெரிக்கன் வரலாற்றிலேயே பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. பக்கத்தில் இது ஒரே ஒரு வரியாகத்தான் இருக்கிறது. பான் அமெரிக்கன் பட்டம் வென்ற வேறு யாருக்கும் எப்படி வருமோ அப்படித்தான் வரும். ஒரு தீவுக்கூட்டமே காத்திருந்து பெற்ற பதக்கம் இது என்பதை அந்த வரி சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள வெளியேதான் போக வேண்டும்.

ஆனால் அந்த ஒரே மாதிரியான வரியில் ஒரு நியாயம் இருக்கிறது என்றும் எனக்குத் தோன்றும். முப்பதாயிரம் பேர் வாழும் தீவிலிருந்து வந்தவருக்கும் முப்பது கோடிப் பேருக்கு மேல் வாழும் நாட்டிலிருந்து வந்தவருக்கும் அதே எழுத்தளவு, அதே கட்டங்கள். மலோனின் பக்கத்தை யாரும் சுருக்கி வைக்கவில்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவர் நீளம் தாண்டுதலோடு ஓட்டமும் ஓடியவர். அந்த ஓட்ட நேரங்களும் பக்கத்தில் கிடைக்கும். ரன்-அப்பில், அதாவது தாண்டுவதற்கு முன் ஓடிவருவதில், வேகம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் கேட்டால் நான் முதலில் காட்டுவது அந்த நேரங்களைத்தான்.

ஆண்டுவாரியாகச் சிறந்த அளவுகளை அடுக்கிக் காட்டும் பகுதியில் கொஞ்ச நேரம் செலவழியுங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்குக்குப் போன அந்தத் தீவுகளின் அணியில் மலோன் இல்லை. அதற்குத் தகுதி அளவு 6.70 ஆக இருந்தது. 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அதை 6.82 ஆக உயர்த்தினார்கள். லிமாவில் தங்கம் வாங்கித் தந்த தாண்டல்கூட அந்த அளவுக்கு 14 செ.மீ. குறைவுதான். மேலே ஏற ஏற ஏணியையும் உயர்த்திக்கொண்டே போனால் எப்படி இருக்கும்? அவர் அசரவில்லை. 2021 மார்ச்சில் 7.08 தாண்டினார். முதல் ஒலிம்பிக்கில் களமிறங்கியபோது அவருக்கு வயது 29. பதினேழு வயதிலேயே "இனி நமக்கு வராது மிஸ்" என்று சொல்லும் பிள்ளைகளை உட்காரவைத்து இந்தப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை வாசிக்கச் சொல்வேன். நான் பேசுவதைவிட அந்தப் பட்டியல் நன்றாகப் பேசும்.

டோக்கியோவில் அவர் இறுதிச்சுற்றுக்குப் போனார். பக்கத்தில் இருப்பது 12-ஆம் இடம், 6.50. தங்கம் ஜெர்மனியின் மலைகா மிஹாம்போவுக்கு, 7.00. வெள்ளி, வெண்கலம் இரண்டுக்கும் 6.97. அதாவது மலோன் மார்ச்சில் தாண்டியது ஆகஸ்டில் தங்கம் வென்ற தாண்டலைவிட எட்டு சென்டிமீட்டர் அதிகம். இதைப் படித்துவிட்டு ஒரு மாணவி டேப்பை எடுத்துக்கொண்டு மணல்குழிக்கே போய்விட்டாள். காலூன்றித் தாண்டும் போர்டிலிருந்து 6.50-க்கு ஒரு கல், 7.00-க்கு ஒரு கல், 7.08-க்கு ஒரு கல் என்று ஓரத்தில் வைத்தாள். கடைசி இரண்டு கல்லுக்கும் நடுவில் அவளுடைய உள்ளங்கைகூட முழுதாக அடங்கவில்லை. முதல் கல் எங்கோ பின்னால் கிடந்தது. ஒரே ஆள், ஒரே ஆண்டு, 58 செ.மீ. வித்தியாசம். நீளம் தாண்டுதல் எவ்வளவு கடினமான விளையாட்டு என்று அன்றைக்குப் புரிந்த அளவுக்கு என் வகுப்புகளில் எப்போதும் புரிந்ததில்லை.

இங்கேதான் தளத்தின் குறையும் தெரிகிறது. வீரரின் பக்கத்தில் இருப்பது நாள், போட்டி, இடம், அளவு, காற்று, புள்ளி, அவ்வளவுதான். ஒவ்வொரு தாண்டலும் என்ன ஆயிற்று, எது ஃபவுல் (போர்டைத் தாண்டி மிதித்தது), எதைத் தாண்டாமல் விட்டார் என்ற வரிசை அதில் இல்லை. டோக்கியோ இறுதிச்சுற்றில் முதல் மூன்று தாண்டலுக்குப் பிறகு எட்டுப் பேர்தான் தொடர்ந்தார்கள். பன்னிரண்டாவதாக வந்த மலோனுக்கு மூன்றோடு முடிந்துவிட்டது. அந்த மூன்றில் என்ன நடந்தது என்று பார்க்க வீரர் பக்கத்தை விட்டு வெளியே வந்து அந்தப் போட்டியின் முடிவுகளைத் தனியாகத் தேட வேண்டும். பயிற்சியாளருக்கு உண்மையில் வேண்டியது அந்த வரிசைதான். ஃபவுல் ஆன தாண்டலில் எத்தனையோ பாடம் இருக்கிறது.

எண்களால் சொல்ல முடியாத இன்னொன்று புயல். 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா புயல் மிகக் கடுமையான ஐந்தாம் வகை வேகத்தில் அந்தத் தீவுகளைப் புரட்டிப் போட்டது. அதே தீவுகளின் தடை ஓட்ட வீரர் கைரன் மக்மாஸ்டரின் பயிற்சியாளர் அதில் உயிரிழந்தார். அடுத்த ஆண்டே கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் மக்மாஸ்டர் தங்கம் வென்றார். டோக்கியோவில் 47.08 வினாடியில் ஓடி நான்காவதாக வந்தார். மலோனும் அவரும் ஒரு நீச்சல் வீராங்கனையும் சேர்ந்த மூன்று பேர்தான் டோக்கியோவில் அந்தத் தீவுகளின் மொத்த அணி. இருவர் பக்கங்களிலும் 2017-க்கு அடுத்து 2018 என்று வரி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே ஊர் என்ன பட்டது என்பதைச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்தான் நிரப்ப வேண்டும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருகிறேன். ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது அந்தத் தாண்டல் வரிசைக்காக மட்டும்தான்.

பயன்படுத்தப் போகிறவர்களுக்கு என் ஆலோசனை: ஒரு பெயரோடு நிறுத்தாதீர்கள். மலோனைப் பார்த்துவிட்டு பெர்முடாவின் நீளம் தாண்டுதல் வீரர் டைரோன் ஸ்மித்தைத் தேடுங்கள். பெர்முடாவும் பிரிட்டனின் ஆட்சிப்பகுதிதான். ஸ்மித் 2008, 2012, 2016 என்று மூன்று ஒலிம்பிக் கண்டவர். 2012 லண்டன் இறுதிச்சுற்றில் அவருக்கும் 12-ஆம் இடம்தான். அங்கே தங்கம் வென்ற கிரெக் ரதர்ஃபோர்டு தாண்டியது 8.31. ஐந்து ஆண்டு கழித்து, 2017-ல், ஸ்மித் 8.34 தாண்டினார். இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்துத் திறந்துவைத்துப் பார்க்க ஒரு சாதாரண போன் போதும். தேடும்போது பெயரை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், தமிழில் அடித்தால் வராது. பிள்ளைகளுக்கு முதல் தடவை நீங்களே அடித்துக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் அவர்களே தேடிக்கொள்வார்கள்.