ஆட்டுக்கால் சூப்பா, பவுடர் டப்பாவா, கொய்யாவா? கொலாஜன் பத்தி எங்க வீட்டு பஞ்சாயத்து

போன ஞாயித்துக்கிழமை வெச்ச ஆட்டுக்கால் சூப் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, திங்கக்கிழமை காலைல ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்தா கிண்ணத்த தலைகீழா கவுத்தாலும் விழமாட்டேங்குது. மேல வெள்ளையா கொழுப்பு ஏடு, அதுக்கு கீழ டீ கலர்ல தளதளன்னு கட்டி. அம்மா அத காட்டி "பாத்தியாடி, இதுதான் சத்து, இது நேரா முட்டில போய் ஒட்டிக்கும்"னாங்க. தம்பிக்கு சிரிப்பு. அவன் ஆன்லைன்ல வாங்குன மீன் கொலாஜன் பவுடர் டப்பா ஃபிரிட்ஜ் மேலயே இருக்கு, ஒரு டப்பா ஆயிரத்து சொச்சம், "நீ குடிக்கறது கறிக்கடை ஐட்டம்மா, இது சயின்ஸ்"ங்கறான். எனக்கு 44 ஆகுது, கண்ணோரம் கோடு விழுது, அதனால நானும் இந்த பஞ்சாயத்துல ஒரு கட்சி. அக்கா பொண்ணு கதை வேற, அத கடைசில சொல்றேன், உண்மைல நான் இவ்ளோ படிச்சதே அவளாலதான்.

மொதல்ல கொலாஜன்னா என்னன்னு பாத்துரலாம், இது தெரியாம எது நல்லதுன்னு பேசி பிரயோஜனம் இல்ல. நம்ம உடம்புல இருக்கிற மொத்த புரோட்டீன்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு இதுதான். தோல், எலும்பு, தசைநாண், ரத்தக்குழாய் சுவர், கண்ணு கருவிழி மேல இருக்கிற கண்ணாடி மாதிரி படலம், எல்லாத்துலயும் இருக்கு. இதுவரைக்கும் 28 வகை கண்டுபிடிச்சிருக்காங்க. தோல், எலும்புல 1-ஆம் வகை, மூட்டு குருத்தெலும்புல 2, ரத்தக்குழாய், குடல்ல 3, கிட்னி வடிகட்டில 4, இவ்ளோ ஞாபகம் இருந்தா போதும்.

இதோட அமைப்ப கண்டுபிடிச்சதுல நம்ம ஆளுங்களுக்கு பெரிய பங்கு இருக்கு, இத சொல்லாம போக மனசு வரல. 1954-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டில ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்தாவும்தான் இது மூணு இழை சேர்ந்து முறுக்கின கயிறுன்னு சொன்னாங்க, அதுக்கு கங்காரு வால் தசைநாணோட எக்ஸ்-ரே படமெல்லாம் பாத்திருக்காங்க. பின்னாடி அவர் நம்ம பெங்களூருக்கே வந்து, கண்டக்டருங்க இன்னிக்கும் 'டாட்டா இன்ஸ்டிட்யூட்'னு கூவுற ஐஐஎஸ்சில (இந்திய அறிவியல் கழகம்) மாலிக்யூலர் பயோபிசிக்ஸ் துறைய ஆரம்பிச்சு வெச்சார். நான் அந்த ஸ்டாப்ப எத்தனை வருஷமா தாண்டி போறேன், போன மாசம்தான் தெரியும்.

கயிறுன்னா எப்டி? ஒவ்வொரு இழைலயும் ஆயிரம் அமினோ அமிலம் (புரோட்டீன கட்டுற செங்கல் மாதிரி) போல இருக்கு, அதுல ஒவ்வொரு மூணாவதும் கிளைசின். ஏன்னா மூணு இழையும் நடுவுல நெருக்கி உக்கார்ற எடத்துல கிளைசின் மாதிரி குட்டியா இருக்கிறதுதான் நுழையும், வேற எது வந்தாலும் இடிக்கும். தேங்கா நார் கயிறு திரிக்கிறவங்கள பாத்தீங்கன்னா புரியும், இழைய ஒரு பக்கம் முறுக்கி, எல்லாத்தையும் சேக்கும்போது எதிர்பக்கமா முறுக்குவாங்க, அப்பதான் பிரியாது. கொலாஜனும் அதே டெக்னிக்தான், இழை இடது முறுக்கு, கயிறு வலது முறுக்கு. இந்த கயிறு ஒடம்பு சூட்டுல பிரியாம நிக்கணும்னா அதுல இருக்கிற புரோலின்ங்கற அமினோ அமிலத்துல கொஞ்சத்த ஹைட்ராக்சிபுரோலினா மாத்தணும், அந்த வேலைக்கு வைட்டமின் சி கட்டாயம். அந்த காலத்துல மாசக்கணக்கா கப்பல்ல போனவங்களுக்கு ஈறுல ரத்தம் கொட்டி பழைய காயமெல்லாம் திரும்ப பிரிஞ்சுக்கிட்டது வைட்டமின் சி கெடைக்காம போனதாலதான். 1747-ல ஜேம்ஸ் லிண்ட்னு ஒரு கப்பல் டாக்டர் ஆரஞ்சும் எலுமிச்சையும் குடுத்து அவங்கள தேத்தினார்.

இப்ப போட்டிக்கு வருவோம்.

ஆட்டுக்கால் சூப். நான் வாங்குறது சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கத்துல, பாய் என்னைய பாத்தாலே "முன்னங்கால் எடுத்துக்கோங்கக்கா, அதுல பசை ஜாஸ்தி"ன்னு நாலு கால தீயில வாட்டி முடி சுரண்டி வெட்டி குடுப்பார். பசைன்னு அவர் சொல்ற வார்த்தை ரொம்ப கரெக்ட். மணிக்கணக்கா கொதிக்கும்போது அந்த மூணு இழை கயிறு பிரிஞ்சு தண்ணில கலக்குது, அதுக்கு பேருதான் ஜெலட்டின், ஆறுனா அரைகுறையா திரும்ப பின்னிக்கிட்டு தண்ணிய புடிச்சு வெச்சுக்கும், அதான் கிண்ணத்துல பாத்த கட்டி. ஆக அம்மா சொன்னதுல பாதி சரி, கொலாஜன் வந்துச்சு. நேரா முட்டிக்கு போய் ஒட்டிக்கும்ங்கறதுதான் இல்ல. வயித்துக்குள்ள போனா பருப்பு புரோட்டீன் மாதிரி அதுவும் துண்டு துண்டாகி ரத்தத்துல கலக்கும், அப்புறம் அது முட்டிக்கு போகுமா முடிக்கு போகுமான்னு நம்ம ஆர்டர் போட முடியாது. இன்னொண்ணு, சூப்புல கால்சியம் கொட்டுதுன்னு அம்மா சத்தியம் பண்ணுவாங்க, சும்மா தண்ணில வேகவெச்சா எலும்புல இருந்து ரொம்ப கம்மியாதான் எறங்கும். கால்சியம் வேணும்னா இந்த ஊர்ல தெருவுக்கு தெரு ராகி முத்தே (கேழ்வரகு களி உருண்டை) கெடைக்குது, 100 கிராம் ராகில 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு. ஆனா ருசினு ஒண்ணு இருக்கே, மிளகு தட்டிப் போட்டு சின்ன வெங்காயம் வதக்கி வெச்ச சூப்போட எந்த பவுடரும் நிக்க முடியாது. யூரிக் ஆசிட் பிரச்சனை இருக்கிறவங்க டாக்டர கேட்டுட்டு குடிங்க.

பவுடர். இதுவும் ஜெலட்டினோட தம்பிதான், என்சைம் போட்டு இன்னும் பொடிசா நறுக்கினது, அதனால ஆறுனாலும் கட்டியாகாது, காபில கூட கலந்துரும். மீனா மாடான்னு பெருசா அடிச்சிக்கிறாங்க. ரெண்டுலயும் முக்கியமா 1-ஆம் வகைதான், நறுக்கின பிறகு பெரிய வித்தியாசம் இருக்கறதா எனக்கு தெரியல, மீன் ஒத்துக்காதவங்க மீன் பவுடர தொடாதீங்க, அவ்ளோதான். தம்பி சைடுல ஒரு நியாயம் இருக்கு, அத மறைக்கக்கூடாது: எல்லாமே தனித்தனி அமினோ அமிலமா ஒடையறதில்ல, புரோலினும் ஹைட்ராக்சிபுரோலினும் ஜோடியா சேந்த குட்டி துண்டுங்க அப்படியே ரத்தத்துல தெரியுது, அதுங்க செல்லுக்கு 'கொலாஜன் ஒடையுது, புதுசா கட்டு'ன்னு சிக்னல் குடுக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு. சரி, ரிசல்ட்? தோலுக்கு நெறைய சின்ன சின்ன ஆய்வு வந்திருக்கு, ஈரப்பதம் கூடுது, சுருக்கம் கொறையுதுன்னு. ஆனா 2025-ல 23 ஆய்வ ஒண்ணா போட்டு அலசுனாங்க, கம்பெனி காசு வாங்காம நடந்த ஆய்வுகள தனியா பிரிச்சு பாத்தா பலன் காணாம போச்சு. இத தம்பிகிட்ட சொன்னேன், "உனக்கு நெகட்டிவ் தாட்ஸ்"ன்னுட்டான்.

ஜிம்முக்கு போறவன் புரோட்டீன் கணக்குல இத சேத்துக்கறதுதான் எனக்கு கடுப்பு. கொலாஜன்ல டிரிப்டோஃபேன்ங்கற அமினோ அமிலம் சுத்தமா கெடையாது, அது சாப்பாட்டுல இருந்துதான் வரணும். அதனால தசை வளக்குற புரோட்டீனா பாத்தா ஒரு முட்டை முன்னாடி இந்த டப்பா நிக்காது.

முட்டி வலிக்கு இன்னொரு ஐட்டமும் விக்கிறாங்க, ஒடைக்காத 2-ஆம் வகை கொலாஜன், ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் மாத்திரை. கிராம் கணக்குல குடிக்கிற பவுடரோட இத கொழப்பிக்காதீங்க, ரெண்டும் வேற வேற ஐடியா, இது குடல்ல இருக்கிற எதிர்ப்பு சக்திய பழக்கப்படுத்தி மூட்டு வீக்கத்த கொறைக்க பாக்குது. சிலருக்கு வலி கொஞ்சம் கொறையலாம், அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன். 'மூணே மாசத்துல புது மூட்டு'ன்னு வர்ற விளம்பரத்த பாத்தாதான் சிரிப்பு வருது. குருத்தெலும்புல இருக்கிற கொலாஜன்ல பாதி மாறவே நூறு வருஷத்துக்கு மேல ஆகும்னு கணக்கு போட்டிருக்காங்க, தோல்ல இருக்கிறதுக்கே 15 வருஷம் போல. மூணு மாசமாம். அம்மா முட்டிக்கு உண்மைல வேலை செஞ்சது பிசியோ சொல்லிக்குடுத்த தொடை எக்சர்சைஸ், நாற்காலில உக்காந்து கால நீட்டி பத்து எண்றது. அதுக்கு டப்பா இல்ல, அதனால அம்மாவுக்கு அதுல மரியாதையும் இல்ல.

வீகன் கொலாஜன்னு ஒண்ணு இருக்கு, சீக்கிரம் முடிச்சிரலாம். செடில கொலாஜன் கெடையாது. டப்பாவ திருப்பி படிச்சா பெரும்பாலும் வைட்டமின் சி, அமினோ அமிலம், ஏதாவது மூலிகை, அவ்ளோதான். அந்த காசுக்கு தள்ளுவண்டில உப்பு மிளகாத்தூள் போட்டு ஒரு கொய்யா வாங்குங்க, 100 கிராம்ல 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கு, ஒரு பொம்பளைக்கு ஒரு நாளைக்கு தேவையே 65 தான். கூட பருப்பு, முட்டை, தயிர் இருந்தா ஒடம்பு தனக்கு வேணுங்கற கொலாஜன தானே கட்டிக்கும். அதுக்காக பத்து கொய்யா தின்னா பத்து மடங்கு கட்டாது.

க்ரீம்ல கொலாஜன் போட்டு விக்கிறாங்களே, அதுல நான் ஏமாந்திருக்கேன். முழு கொலாஜன் தோலுக்குள்ள நுழையற சைஸ் இல்ல, மேல ஒக்காந்து ஈரம் காக்கும், தேங்காண்ணெய் பண்ற வேலை. இருக்கிற கொலாஜன ஒடைக்கிறதுல மொத வில்லன் வெயில்தான், அதனால சன்ஸ்கிரீன், அப்புறம் தோல் டாக்டர் எழுதி குடுத்தா டிரெட்டினாயின்ங்கற வைட்டமின் ஏ வகை க்ரீம், இது ரெண்டும் என் கட்சி. கர்ப்பமா இருக்கிறவங்க டிரெட்டினாயின் பக்கம் போகக்கூடாது. மெனோபாஸ் ஆன மொத அஞ்சு வருஷத்துல தோல் கொலாஜன் 30 சதவீதம் போல போயிரும்னு படிச்சதுல இருந்து நான் மாடில துணி காயப்போட போனாக்கூட தடவிட்டுதான் போறேன்.

ஆக சூப் ருசிக்கு, கொய்யா தேவைக்கு, பவுடர் தம்பி இஷ்டத்துக்கு. ஆனா இது எல்லாமே ஜீன்ல இருக்கிற கொலாஜன் செய்முறை சரியா இருக்கிறவங்களுக்கு.

அக்கா பொண்ணுக்கு 14 வயசு, அல்சூர்ல பரதநாட்டியம் கத்துக்கறா. கட்டவிரல மடக்குனா முன்கைல ஒட்டும், முட்டி பின்னாடி வளையும், "வில்லு மாதிரி ஒடம்பு"ன்னு டீச்சருக்கு பெருமை. ஒரே வருஷத்துல கணுக்கால் மூணு தடவ பிசகுச்சு, ஒரு தடவ பேக் மாட்டும்போது தோள்பட்டை நழுவி தானே உள்ள போச்சு. கூட்டிட்டு போன எலும்பு டாக்டர் ரெண்டு நிமிஷம் பாத்துட்டு கொலாஜன் பவுடர் மூணு மாசம்னு எழுதிட்டார். அக்காவும் வாங்கிட்டா. எனக்கு அங்கதான் பொறுக்கல.

ஏன்னா கோளாறு ஜீன்ல இருந்தா என்ன ஆகும் பாருங்க. 1-ஆம் வகை கயிறுல மூணு இழைல ரெண்டு ஒரே மாதிரி, மூணாவது வேற. அந்த ரெட்டை இழையோட ஜீன் நம்மகிட்ட ரெண்டு காப்பி இருக்கு, ஒரு காப்பில கிளைசின் இருக்க வேண்டிய எடத்துல வேற ஒண்ணு வந்துட்டா, திரிக்கிற கயிறுல நாலுக்கு மூணு கோணல் கயிறா போயிரும். அதுவே அந்த காப்பி சுத்தமா வேலையே செய்யலைன்னா கயிறு பாதிதான் வரும், ஆனா வந்தது நல்ல கயிறு, நோயும் பெரும்பாலும் லேசு. கம்மியா இருக்கிறதவிட கோணலா இருக்கிறதுதான் மோசம். எலும்பு சும்மா சும்மா முறியற ஆஸ்டியோஜெனசிஸ் இம்பர்ஃபெக்டாங்கற நோய் இப்டித்தான், சிலருக்கு கண்ணு வெள்ளை நீலமா தெரியும். இதுல வெளிய இருந்து எத்தனை கிலோ பவுடர் போட்டாலும் செல்லு அத அதே தப்பான செய்முறைலதான் திரிக்கும்.

ரெண்டாவதா பாத்த டாக்டரம்மா உக்காரவெச்சு பெய்ட்டன் ஸ்கோர்னு, மூட்டு எவ்ளோ தளர்வா வளையுதுன்னு பாக்க ஒம்போது மார்க்குக்கு டெஸ்ட் வெச்சாங்க. சுண்டு விரல் ரெண்டு, கட்டவிரல் ரெண்டு, முழங்கை ரெண்டு, முழங்கால் ரெண்டு, குனிஞ்சு முட்டி மடக்காம உள்ளங்கை தரைல பட்டா ஒண்ணு. இவ ஏழு. பரீட்சைல கூட இவ்ளோ ஈசியா மார்க் வாங்குனதில்லைன்னு சிரிக்கறா. அப்புறம் எந்த நோயா இருக்கலாம்னு ஒவ்வொண்ணா ஒப்பிட்டு கழிச்சாங்க. எலும்பு முறிஞ்சதே இல்ல, அதனால மேல சொன்னது இல்ல. மார்ஃபன்ங்கற பரம்பரை நோய்லயும் இப்டி வளையும், ஆனா அது கொலாஜன் இல்ல, ஃபிப்ரிலின்னு வேற புரோட்டீன், ஒசரமா விரல் நீளமா இருப்பாங்க, கண்ணு லென்ஸ் நழுவும், இதயத்துல இருந்து கெளம்புற பெரிய குழாய் விரியும், அதுக்குத்தான் எக்கோங்கற இதய ஸ்கேனும் கண் டெஸ்ட்டும். ரெண்டும் நார்மல். அடுத்து எலர்ஸ்-டான்லோஸ், மூட்டு, தோலெல்லாம் தளர்ற பரம்பரை நோய்க்கூட்டம், அதுல 2017 கணக்குப்படி 13 வகை. தோல் ரப்பரா இழுபட்டு காயம் ஆறுன எடம் காகிதம் மாதிரி சுருங்குனா கிளாசிக்கல், அதுல பெரும்பாலும் 5-ஆம் வகை கொலாஜன் கோளாறு. 3-ஆம் வகைல கோளாறுன்னா பெரிய மூட்டு அவ்ளோ வளையாது, ஆனா ரத்தக்குழாயே கிழியலாம், எல்லாத்துலயும் பயப்பட வேண்டியது அதுதான், குடும்பத்துல சின்ன வயசுல யாராவது திடீர்னு போயிருக்காங்களான்னு திரும்பத் திரும்ப கேட்டாங்க. இவளுக்கு அந்த அடையாளம் எதுவும் இல்ல. மிச்சம் இருக்கிறது ஹைப்பர்மொபைல் வகை (மூட்டு அளவுக்கு மேல வளையறது), அதுக்கு இன்னும் ஜீனே கண்டுபிடிக்கல, ரத்த டெஸ்ட்ல சொல்ல முடியாது. அதுக்கான கணக்கும் முழுசா பொருந்தல, அதனால இப்போதைக்கு ஹைப்பர்மொபிலிட்டின்னு மட்டும் எழுதி வருஷா வருஷம் வர சொல்லிருக்காங்க.

டான்ஸ் நிறுத்த வேணாம்னுட்டாங்க, அதுலதான் அவ மூஞ்சி தெளிஞ்சுச்சு. அரைமண்டில இருந்து எழும்போது முட்டிய பின்னாடி லாக் பண்ணக்கூடாது, ஃபிரெண்ட்ஸ்கிட்ட கைய மடக்கி வித்த காட்டக்கூடாது, தினம் 20 நிமிஷம் பிசியோ எக்சர்சைஸ், கயிறு தளர்வா இருந்தா சுத்தி இருக்கிற தசைதான் புடிச்சு நிக்கணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. இப்ப சாயங்காலம் அம்மாவும் அவளும் ஹால்ல எதிரெதிர் நாற்காலி போட்டு கால நீட்டி பத்து எண்றாங்க, ஒருத்திக்கு முட்டி மடங்கல, இன்னொருத்திக்கு தேவைக்கு மேல மடங்குது, அம்மா ஏழுலயே நிறுத்திட்டு பத்துன்னு சொல்றாங்க.