நமக்கு நாமே திட்டத்தில் பள்ளிக்குச் சுற்றுச்சுவர்: எங்கள் ஊர் அனுபவம்

எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளிக்கு மேற்குப் பக்கம் சுவரே கிடையாது. ரோட்டில் போகிற மாடு வகுப்பு வாசல்வரை வந்து நிற்கும், இருட்டினால் மைதானத்தில் குடிக்க வந்துவிடுவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி என்ற முறையில் கிராம சபையில் கேட்டால், ஊராட்சியில் நிதி இல்லை என்பதுதான் பதில். கடைசியில் நமக்கு நாமே திட்டத்தில் கட்டி முடித்தோம்.

திட்டம் பழையதுதான். 1997-98இல் வந்தது, 2011இல் தன்னிறைவுத் திட்டம் என்று ஆனது, 2021இல் பழைய பெயரிலேயே திரும்ப வந்தது. வேலைக்கான செலவு மதிப்பீட்டில், அதாவது எஸ்டிமேட்டில், குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கொடுக்க வேண்டும், மீதி அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் வசிக்கும் பகுதி என்றால் ஐந்தில் ஒரு பங்கு போதும். இதை யாரும் தானாக வந்து சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். அனுமதி கலெக்டரிடமிருந்து வரும்.

எங்களுக்கு எஸ்டிமேட் ஆறு லட்சம். எங்கள் பங்கு இரண்டு லட்சம். திருப்பூரில் வேலை பார்க்கும் பழைய மாணவர்கள் பாதிக்கு மேல் அனுப்பினார்கள், மகளிர் குழுக்கள் மீதியைப் புரட்டின. சூளைக்காரர் ஒருவர் ஒரு லோடு செங்கல் தருவதாகச் சொன்னார். பணமாகத்தான் கட்ட வேண்டும் என்று எங்களிடம் சொல்லிவிட்டதால், அவரிடம் பேசி அந்த மதிப்புக்குப் பணமாக வாங்கி, வங்கியில் எடுத்த டிடியில் (வரைவோலையில்) சேர்த்தோம்.

டிடி கொடுத்த பிறகுதான் சோதனை. மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. "எங்க காசு என்னம்மா ஆச்சு?" என்று கடைத்தெருவில் வைத்துக் கேட்டார்கள். ஃபைல் எந்த மேசையில் இருக்கிறது என்று ஆபீசில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. பணம் வந்தது, அனுமதி ஆனது, டெண்டர் விட்டாயிற்று என்று பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்பினால் என்ன? கூலிக்காரர்கள் கொடுத்த காசு அது. அவர்களுக்கு அந்த மரியாதை கிடைக்க வேண்டும்.

வேலை தொடங்கியதும் நிலைமை மாறியது. எஸ்டிமேட் நகலை முன்பே வாங்கி வைத்திருந்தோம். அதில் அஸ்திவாரம் மூன்றடி. தெற்கு மூலையில் இரண்டேகால் அடி தோண்டியதுமே ஜல்லி கொட்டப் பார்த்தார்கள். மகளிர் குழு அக்கா ஒருவர் டேப்போடு குழியில் இறங்கி அளந்து, "இதுல எங்க காசும் இருக்கு தம்பி, முழுசா தோண்டிட்டுக் கொட்டுங்க" என்றார். மேஸ்திரி மறுபேச்சு பேசாமல் தோண்டினார். வேறு அரசு வேலை என்றால் "உனக்கென்ன?" என்று கேட்டிருப்பார்கள். அந்தச் சுவருக்கு இரண்டு வேளையும் தண்ணீர் அடித்ததும் அம்மாக்கள்தான். இந்தத் திட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது இந்த உரிமைதான்.

எஸ்டிமேட்டில் பாதியோ அதற்கு மேலோ நாம் போட்டால் வேலையை நாமே எடுத்துச் செய்யலாம் என்றும் விதி இருக்கிறது. எங்களால் அவ்வளவு திரட்ட முடியவில்லை. முடிகிற ஊர் அதையே செய்யட்டும்.

ஆனால் ஒன்று. வெளியூர்ச் சம்பாத்தியம் உள்ள ஊருக்குத்தான் இது கைகொடுக்கிறது. பக்கத்துக் கிராமத்தில் அங்கன்வாடிக் கூரை ஒழுகுகிறது. அங்கே பெரும்பாலும் நூறு நாள் வேலையை நம்பிய குடும்பங்கள். மூன்றில் ஒரு பங்குக்கு அவர்கள் எங்கே போவார்கள்? ஐந்தில் ஒரு பங்குச் சலுகையை எல்லா ஏழை ஊருக்கும் கொடுக்க வேண்டும்.

இறங்குகிறவர்கள் முதலில் பிடிஓ ஆபீஸ் (வட்டார வளர்ச்சி அலுவலகம்) இன்ஜினியரை இடத்துக்கே கூட்டி வந்து அளக்கச் சொல்லுங்கள். எஸ்டிமேட் நகல் கைக்கு வந்த பிறகு வசூலைத் தொடங்குங்கள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பள்ளிச் சுவரிலேயே பட்டியல் ஒட்டுங்கள், டிடியை ஜெராக்ஸ் எடுத்து அதன் பக்கத்தில் ஒட்டுங்கள்.