கல்லடிப் பழைய பாலம்: பின்னேரம் போனால்தான் சுகம்
தொங்குபாலம் என்று நினைத்து வராதீர்கள், இது மட்டக்களப்பு வாவிக்கு மேலே 1924இல் வெள்ளைக்காரன் போட்ட இரும்புச் சட்டப் பாலம். ஆளுநர் மேனிங்கின் மனைவி பெயரில் லேடி மேனிங் பாலம் என்பார்கள், ஆனால் ஊரில் கல்லடிப் பாலம்தான். முன்பெல்லாம் ஒரு பக்கத்து வாகனம் போய் முடியும்வரை மறுபக்கம் காத்துக் கிடக்க வேண்டும். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்தபிறகு அந்தத் தொல்லை இல்லை. பழைய பாலத்தில் காற்று வாங்கிக்கொண்டு ஆறுதலாக நடக்கலாம்.

மத்தியானம் வேண்டாம், கம்பி சுடும். இந்த வாவியில் மீன் பாடும் என்பார்கள். அதைக் கேட்க வேண்டுமா? பௌர்ணமி இரவில் தோணியில் போய், துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைக்க வேண்டுமாம். நான் இரண்டு தடவை போனேன், நுளம்புதான் பாடியது. காசில்லாமல் இப்படி ஒரு காற்று வேறெங்கே கிடைக்கும்? ஐந்துக்கு நாலு. கச்சான் கோதைக் கீழே கொட்டுகிறவர்களால் ஒன்று குறைத்தேன்.