கப்பல் பாய் தைக்கும் கிட்: கொடைக்கானல் டெண்டுக்கு உதவுமா?

ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் வரும் இந்தக் கிட்டில் உள்ளங்கைத் தோல் ஒன்று, முக்கோண முனை ஊசி ஐந்து, மெழுகிட்ட பாலியெஸ்டர் நூல்கண்டு ஒன்று. மன்னவனூர், பூம்பாறை பக்கம் காட்டன் கான்வாஸ் டெண்ட் போட்டிருப்பவர்கள் அந்தத் தோலுக்காகவே வாங்கலாம். நூல் விஷயம் வேறு.

தோல் என்பது கட்டைவிரலை நுழைத்துக் கையைச் சுற்றி மாட்டும் பட்டை. நடுவில் குழி குழியாக ஓர் இரும்பு வில்லை. ஊசியின் காதுப் பக்கத்தை அதில் ஊன்றித் தள்ளினால் விரலுக்கு வேலையில்லை, முழுக் கையின் பலமும் ஊசிக்குப் போகும். பாய்மரப் போர்க்கப்பலின் பாய்த் தையல்காரர் கையில் இருந்ததும் இதுவேதான். 1805இல் டிரஃபால்கர் கடற்போரில் குண்டடிபட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் விக்டரியின் முன்மரத்து மேற்பாய் இன்னும் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் இருக்கிறது. அடிப்பக்க அகலம் 80 அடி, துளைகள் சுமார் 90. அத்தனையும் கைத்தையல், மெஷின் அப்போது ஏது? கிட்டில் வருவது வலக்கைத் தோல். இடக்கைக்காரர்கள் கேட்டு வாங்க வேண்டும்.

ஊசியில் எண் கூடக் கூட மெலிசு. டெண்டுக்கு 16 போதும், ஓரக் கயிறு வைத்துத் தைக்க 14. சாக்கு ஊசியால் குத்தினால் துளை பெரிதாகி மழை ஒழுகும்.

இனி நூல். பழைய காட்டன் துணியில் பாலியெஸ்டர் நூலை இறுக்கினால், நூல் அறாது, துணிதான் அறுபடும். நனைந்தாலும் அந்த நூல் உப்பாது, அதனால் ஊசித்துளையும் அடையாது. காட்டன் நூலை இரட்டையாக்கி, கோத்தகிரிப் பக்கம் கிடைக்கும் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் கடற்படையில் கெஜத்துக்கு 108 முதல் 116 தையல் வரை போட்டார்கள்; அங்குலத்துக்கு மூன்று சொச்சம். நெருக்கமாகப் போட்டால் பலம் கூடும் என்று நினைப்பது தப்பு. தபால்தலை ஓரம் போலத் துளை வரிசையோடு கிழிந்து வரும்.

பெரிய குறை, கிட்டில் கொக்கி இல்லை. பாய்த் தையல்காரர் பெஞ்சின் வலப்பக்கம் கட்டிய கொக்கியில் துணியை மாட்டி, இடக்கையால் இழுத்துப் பிடித்து, வலமிருந்து இடமாகத் தைப்பார். இழுவை இல்லாவிட்டால் மேல்துணி சுருங்கி, கீழ்த்துணி நீண்டு, ஒட்டுப்போட்ட இடம் பை மாதிரி தொங்கும். தண்ணீர் தேங்குவது அங்கேதான். வளைந்த ஆணி ஒன்றில் கயிறு கட்டி மேசைக்காலில் முடிந்தால் வேலை ஆகிவிடும்.

எவ்வளவு நன்றாகத் தைத்தாலும் ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் தின்றுவிடும். கப்பலிலும் பாயைக் கெடுத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வெயில் கண்ட நேரமெல்லாம் ஈரப்பாயை விரித்துக் காயவிடுவதும் பாய் அறையில் ஒழுக்கு பார்ப்பதும் அன்றாட வேலை. அக்டோபர், நவம்பரில் கொடைக்கானலில் இரண்டு மணி நேர வெயில் கிடைத்தாலும் டெண்டை விரித்துப்போடுங்கள். ஊசிகளை எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள், இந்த மேகமூட்டத்தில் ஒரே வாரத்தில் துருப்பிடிக்கும்.