சிக்ஸ் வெயிட் ஃப்ளை ராடுக்கு எந்த லைன்? செபாராவ் மீனுக்கு ஆத்துல அடிச்சுப் பார்த்த ரிவியூ

ஃப்ளை ஃபிஷிங்குக்கு, சூட்டு நாட்டுக்குன்னு டிராப்பிக்கல் கோட்டிங் போட்ட ஃப்ளோட்டிங் (தண்ணில மெதக்கற) லைன் ஒன்னு கோலாலம்பூர்ல வாங்கினேன், வெயிட் ஃபார்வர்ட் (முன்பக்கம் கனமா இருக்கறது), நம்பர் 6, 400 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல போச்சு. பிராண்ட் பேரு வேணாம், ஏன்னா நான் சொல்லப்போற விஷயம் எந்த பிராண்டுக்கும் பொருந்தும். செபாராவ் அடிக்கிறவங்களுக்கு இது குடுத்த காசுக்கு நல்ல சாமான்தான், ஆனா பெட்டில போட்டிருக்கற நம்பர மட்டும் பாத்து வாங்கிடாதீங்க.

புதுசா வர்றவங்களுக்காக கொஞ்சம் சொல்லிடறேன். லூர்னா (கனமான போலி இரை) அதோட வெயிட்லயே தூரம் போகும், ஃப்ளைல (முடி வச்சு கட்டற போலி இரை) அப்படி கெடையாது, ஒரு கொத்து முடியும் கொஞ்சம் நூலும்தான் இருக்கு, அத தூக்கிட்டுப் போறதே லைனோட வெயிட்டுதான். அதனாலதான் ராடுக்கும் லைனுக்கும் பத்துப் பொருத்தம் பாக்கறாங்க. அமெரிக்காகாரங்க வச்ச கணக்கு என்னன்னா, லைனோட மொத 30 அடி எத்தன கிரெய்ன் (ஒரு சின்ன எடை அளவு) இருக்குன்னு நிறுத்து நம்பர் குடுக்கறது, 5க்கு 140, 6க்கு 160, 7க்கு 185, 8க்கு 210. கிராம்ல பாத்தா 6ங்கிறது 10.4, 7ங்கிறது 12, அவ்வளவுதான் வித்தியாசம். கேக்க ஒன்னுமில்லாத மாதிரி இருக்கும், கைல புடிச்சு அடிச்சா நல்லாவே தெரியும்.

இப்ப கூத்து என்னன்னா, கம்பெனிங்க இந்தக் கணக்க கறாரா கடைபிடிக்கறதில்ல. இப்ப வர்ற ராடு எல்லாம் ஃபாஸ்ட் ஆக்‌ஷன், வெறைப்பா இருக்கும், அத வளைக்கறதுக்கு லைன அரை சைஸ் ஒரு சைஸ் கனமா செஞ்சுட்டு பெட்டில பழைய நம்பரையே போட்டுடறாங்க. நம்ம கூட்டாளி ஒருத்தன் மஸ்ஜித் இந்தியா பக்கம் நகைக்கடைல வேல செய்றான், அவன்கிட்ட கொண்டுபோய் தராசுல வச்சுப் பாத்தோம். டேப்புல 30 அடி அளந்து, அந்த எடத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டு, அது வரைக்கும் சுருட்டி தட்டுல வைக்கணும், மிச்ச லைன் தட்டுக்கு வெளில தொங்குனா அது இழுத்து கணக்கு தப்பா காட்டும், அதனால ஒருத்தர் மிச்சத்த தட்டு ஒயரத்துக்கே தூக்கிப் புடிக்கணும். இந்த லைன் 11.6 கிராம் வந்துச்சு, அதாவது 179 கிரெய்ன், பேருதான் 6, கிட்டத்தட்ட 7. ராடும் ரீலும் சேத்து விக்கற கோம்போ செட்டோட சும்மா வந்த லைனையும் போட்டோம், அதுலயும் 6னுதான் இருக்கு, வந்தது 9.7. ஒரே நம்பர் போட்ட ரெண்டு லைனுக்கு நடுவுல கிட்டத்தட்ட 2 கிராம்!

ஆனா 179 வந்ததுக்காக நான் கொறை சொல்ல மாட்டேன், நம்ம ஆத்துக்கு அதுதான் வேணும். உலு சிலாங்கூர், பகாங் பக்கம் சின்ன ஆறு எல்லாம் ரெண்டு பக்கமும் காடு, பின்னாடி வீச எடம் இருக்காது, 25 அடி 35 அடில பாறை எடுக்குல போட்டா போதும், செபாராவ் அங்கதான் நிக்கும். 25 அடி லைன்தான் வெளிய இருக்குன்னா தராசுல பாத்த அந்த முழு வெயிட்டு ராடுக்குக் கெடைக்காது, வெறைப்பான ராடு வளையாது, கொஞ்சம் கனமான லைன்னா கிட்டக்க அடிக்கறப்பவும் ராடு வேல செய்யும். ரோல் காஸ்ட்டும் (பின்னாடி வீசாம லைன முன்னாடி உருட்டி விடறது) சொகமா போகுது, கனமான கண்ணு வச்ச கிளவுசர் ஃப்ளை கூட குப்புற விழாம நேரா திரும்புது. இதே லைன தெமெங்கோர் ஏரிக்குக் கொண்டுபோய் தோமான் மீனுக்கு 60 அடி அடிக்கணும்னு நெனச்சீங்கன்னா, அவ்வளவு லைன காத்துல வச்சிருக்கறப்ப ராடு தொவண்டுடும், அங்க கணக்குக்கு சரியா இருக்கற 6 போடுங்க, இல்லாட்டி 8 ராடே எடுத்துட்டுப் போங்க.

வெயிட்ட விட பெரிய விஷயம் வெயில். குளிர் நாட்டு ட்ரவுட்டுக்கு செஞ்ச லைன் நம்ம மத்தியான சூட்டுல கொழகொழன்னு ஆயிடும், ராடுல இருக்கற கைட் வளையத்துல ஒட்டும், விட்டா ஓடாது, விரல்ல பிசுபிசுப்பு தெரியும். கோம்போ லைன் பதினோரு மணிக்கெல்லாம் அந்த நெலமைக்கு வந்துடுச்சு. டிராப்பிக்கல் லைன் உள்ள இருக்கற கோரும் வெறைப்பு, மேல கோட்டிங்கும் கெட்டி, மூணு மணி வெயில்லயும் சர்ருன்னு போச்சு. ஆனா ஊட்டி அவலாஞ்சி பக்கம் ட்ரவுட்டுக்குப் போறவங்க இத எடுத்துட்டுப் போயிடாதீங்க, குளிர்ல ஸ்பிரிங் மாதிரி சுருண்டு நிக்கும். இங்கயே காலைல ரீல்லேந்து எடுக்கறப்ப லேசா சுருள் இருக்கு, ரெண்டு கைலயும் புடிச்சு இழுத்து விட்டாதான் நேராவுது.

டபுள் டேப்பர் (ரெண்டு முனையும் ஒரே மாதிரி மெலிஞ்சு வர்ற லைன்) வாங்கலாமான்னு கேப்பீங்க. ரோல் காஸ்ட்டுக்கு அது நல்லாதான் இருக்கும், ஒரு பக்கம் தேஞ்சா திருப்பிப் போட்டுக்கலாம், காசு மிச்சம். ஆனா இந்தச் சூட்டுக்கு செஞ்ச டபுள் டேப்பர் இங்க கடைங்கள்ல கண்ணுலயே படல, அதனால பேச்சுக்கே எடமில்ல.

கடையப் பத்தி சொல்லணும்னா, கவுன்ட்டர்ல இருந்த தம்பி மொத கேள்வியே "அண்ணே, ஆத்துலயா ஏரிலயா, எவ்வளவு தூரம் அடிப்பீங்க?"ன்னுதான் கேட்டாரு, நம்பரே கேக்கல, அதுக்கே ஒரு ஸ்டார் கூட குடுக்கலாம். ரீல்ல லைனுக்கு அடில போடற பேக்கிங் நூல கட்டி, லைன் சுத்தி குடுத்தாரு, சார்ஜ் இல்ல. கொறைன்னா பெட்டில எத்தன கிரெய்ன், ஹெட் (முன்னாடி கனமா இருக்கற பகுதி) எத்தன அடின்னு எங்கயும் போடல, தம்பி ஃபோன்ல தேடித்தான் சொன்னாரு, 400 வெள்ளி வாங்கறவங்க ஒரு ஸ்டிக்கர் ஒட்டக் கூடாதா? கலரும் பளிச்சுன்னு ஆரஞ்சு, எனக்குப் புடிக்கல, லீடர (லைனுக்கும் ஃப்ளைக்கும் நடுவுல கட்டற மெல்லிசான நூல்) 9 அடிக்கு நீளமா கட்டிட்டா மீனுக்கு ஒன்னும் தெரியாதுன்னு நெனக்கறேன், செபாராவ் என்னமோ கண்டுக்கவே இல்ல.

கெலா மீனுக்கு இத வச்சு இன்னும் அடிக்கல. செம்பனைப் பழம் மாதிரி கட்டுற ஃப்ளை தண்ணில ஊறுனா நல்லா கனக்கும், அதுக்கு இந்த 179 கிரெய்ன் போதுமா, இல்ல 8 ராடுக்கே போகணுமான்னு அடிச்சவங்க யாராச்சும் சொல்லுங்க.