அணைக்கரையில் விட்டுவந்த ஸ்டூல்

கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவர்கள் மன்னிக்கவும். இதில் ராஜேந்திர சோழனுக்கு ஒரு பத்திகூடக் கிடையாது. மூன்று வார லீவில் ஊருக்குப் போய்விட்டு சிங்கப்பூர் திரும்பிய எனக்கு மனசில் நிற்பது 9 அங்குல உயரமுள்ள ஒரு மர ஸ்டூல்தான். அதைப் பற்றி எழுதித் தீர்க்காவிட்டால் வேறு வேலை ஓடாது.

அம்மாவுக்கு 76 வயது. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறாள். அப்பா போனபிறகு அவள் சேர்ந்த மூத்த குடிமக்கள் சங்கம்தான் இப்போது அவளுக்கு ஆபீஸ், பள்ளிக்கூடம் எல்லாமே. மாதாந்திரக் கூட்டம் எப்படி நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். இறைவணக்கம், அந்த மாதம் பிறந்தநாள் காண்பவர்களுக்குத் துண்டு, சர்க்கரைப் பரிசோதனை, ஓய்வூதியச் செய்திகள், வடை, டீ, நீண்ட நன்றியுரை. நவம்பரில் தபால்காரரே கைரேகைக் கருவியோடு மண்டபத்துக்கு வந்து எல்லோருக்கும் ஆயுள் சான்று எடுத்துக் கொடுத்தாராம். வங்கி வாசலில் கால் கடுக்க நின்ற காலமெல்லாம் போயிற்று. நன்றாக நடக்கிற விஷயம், அதனால் அதைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மாதம் ஒருநாள் வெளியூர்ப் பயணமும் உண்டு. முன்பெல்லாம் ரயிலில் போவார்களாம். 2020 மார்ச்சில் மூத்தவர்களுக்கான கட்டணச் சலுகையை ரயில்வே நிறுத்தியதிலிருந்து வாடகை பஸ்தான். 'அறநிலையத் துறை இலவசமாக ஆன்மிகப் பயணம் கூட்டிப்போகிறதே, அதில் போகலாமே' என்று கேட்டேன். அதற்கு 60 முதல் 70 வயது வரைதான் தகுதி. அம்மாவின் சங்கத்தில் 70-க்குக் கீழே இருப்பவர்களைப் 'பசங்க' என்று கூப்பிடுகிறார்கள்.

"இந்தத் தடவை கங்கைகொண்ட சோழபுரம், நீயும் வாயேன். கிளீனர் பையன் மாலை போட்டுண்டு சபரிமலைக்குப் போயிட்டானாம். ஏத்தி இறக்கிவிட ஒரு ஆள் இருந்தா நல்லதுன்னு செயலாளர் சொன்னார்" என்றாள் அம்மா. போனேன். மார்கழிப் பனியில் காதை மூடிக்கொண்டு 28 பேர், கூட நான். ஏழரைக்குக் கிளம்பும் என்று சொன்ன பஸ் எட்டு நாற்பதுக்குக் கிளம்பியது. பிளாஸ்குகள், தலையணைகள், மாத்திரை டப்பாக்கள், ஒரு ஹார்மோனியம். ஹார்மோனியம் எதற்கு என்று கடைசிவரை தெரியவில்லை.

இப்போது அந்த பஸ்ஸின் படி. தரையிலிருந்து முதல் படி 18 அங்குலம். ஊகமாகச் சொல்லவில்லை, பின்னால் சொல்லப்போகிற ஒருவர் அளந்து வைத்திருக்கிறார். 18 அங்குலம் என்றால் எனக்கே முழங்காலைத் தொடுகிற உயரம். முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட 80 வயதுக்காரர் அதில் எப்படி ஏறுவார்? யாராவது கக்கத்தில் கையைக் கொடுத்துத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டிலேயே இருந்துவிட வேண்டும்.

சிங்கப்பூரில் பஸ் நிறுத்தத்தில் நின்றதும் ஒரு பக்கமாகப் பெருமூச்சு விட்டுச் சாய்ந்து தாழும். சக்கர நாற்காலிக்காரர் நின்றால் ஓட்டுநர் எழுந்துவந்து பலகையை விரித்துப் போடுவார். சாலையைக் கடக்கிற இடத்தில் முதியோர் அட்டையைக் கம்பத்தில் தட்டினால் சிக்னலில் பச்சை மனிதன் இன்னும் சில விநாடி கூடுதலாக நிற்பான். 2009-லிருந்தே இது இருக்கிறது. நம் ஊரிலும் இப்போதுதான் தலை காட்டுகிறது, 2024-ல் சென்னையில் தாழ்தளப் பேருந்துகளை மறுபடி விட்டார்கள். அதெல்லாம் பெரிய நகரங்களுக்கு. திருமணத்துக்கும் திருப்பதிக்கும் போய்வருகிற நம் ஊர் சுற்றுலா பஸ்ஸுக்கு 18 அங்குலம்தான் தலைவிதி.

அந்த விதிக்குத்தான் சங்கத்தில் ஒரு ஸ்டூல் வைத்திருக்கிறார்கள். தேக்கு. நான்கு கால்களும் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும், அதனால் ஓரத்தில் மிதித்தாலும் கவிழாது. மேலே கை நுழைத்துத் தூக்க ஒரு நீள ஓட்டை. உயரம் சரியாக 9 அங்குலம். 18-ல் பாதி. இரண்டு படியும் ஒரே உயரமாக இருந்தால்தான் கால் தடுமாறாது, ஒன்று உயரமும் ஒன்று தாழ்வுமாக இருந்தால் விழுவது நிச்சயம் என்று காலையிலேயே எனக்கு விளக்கிச் சொன்னார் அதைச் செய்தவர். அரசுப் பள்ளியில் தச்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்னாலிருந்து இரண்டாவது வரிசை, ஜன்னலோரம். மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு 'ஒரு ஸ்டூலுக்கு இவ்வளவு பேச்சா' என்று நினைத்துக்கொண்டேன்.

அணைக்கரையில் டீக்கு நிறுத்தினார்கள். 28 பேரை இறக்கி, ஏற்றி. கொள்ளிடத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. அங்கே இருக்கும் கீழணை 1836-ல் ஆர்தர் காட்டன் கட்டியது என்று ஒரு பெரியவர் சொல்ல, இன்னொரு பெரியவர் அதை மறுக்க, நல்லவேளை டீ வந்துவிட்டது. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். கோயில் வாசலுக்கு வந்து, கதவைத் திறந்து, கையை நீட்டினால் ஸ்டூல் இல்லை.

யார் எடுத்து வைத்திருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அப்புறம் வருகிறேன்.

ஓட்டுநர் இறங்கிப் போய் இரண்டு செங்கல் கொண்டுவந்தார். வேண்டாம் என்று பத்துக் குரல். பூக்கடையிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. போன வருஷம் இப்படி ஒரு நாற்காலி வழுக்கித்தான் ஒருவருக்கு இடுப்பெலும்பு போனதாம், அதை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். நான் எழுந்து, சிங்கப்பூரிலிருந்து வந்தவள் என்ற தெம்பில், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: "ஜெயங்கொண்டம் பக்கம்தானே, ஓட்டுநரை அனுப்பி ஒரு நல்ல ஸ்டூல் புதுசா வாங்கிடலாமே? நானே காசு கொடுத்துடறேன்."

பஸ் அமைதியானது. வாத்தியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது கிள்ளியவள், அதற்கப்புறம் அன்றைக்குத்தான்.

செயலாளர் எழுந்தார். கூட்டுறவுத் துறையில் இருந்தவர். "எல்லாரும் உட்காருங்க. முறையா முடிவு பண்ணிடுவோம்" என்றார். எல்லோரும் உட்கார்ந்துதான் இருந்தார்கள். பையிலிருந்து மினிட் நோட்டு வெளியே வந்தது. சுற்றுலாவுக்கு மினிட் நோட்டு கொண்டுவருகிற மனிதரை வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? ஸ்டூலை எடுக்க அணைக்கரைக்குத் திரும்புவது என்று தீர்மானம். முன்மொழிந்தவர் ஒருவர், வழிமொழிந்தவர் ஒருவர். கை தூக்கியவர்கள் 22. எதிர்ப்பு 2, நடை சாத்திவிடுவார்கள் என்ற கவலை. வாத்தியார், "சம்பந்தப்பட்டவன் ஓட்டுப் போடக்கூடாது" என்று விலகிக்கொண்டார். மூன்று பேர் தூக்கம். எனக்கு ஓட்டு இல்லை, நான் உறுப்பினர் இல்லை.

பஸ் திரும்பியது. எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது. டீசல் செலவு என்ன, நேரம் என்ன, இத்தனை வயதானவர்களை இன்னும் ஒரு மணி நேரம் பஸ்ஸிலேயே உட்காரவைப்பது என்ன நியாயம்? எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் முதியோர் நிலையத்தில் நான் மாதம் இரண்டு சனிக்கிழமை தொண்டூழியம் செய்கிறேன். வெளியே கூட்டிப்போவதென்றால் ஒப்புதல் படிவம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, என்ன மாத்திரை, எது ஒவ்வாது, எல்லாம் முந்தின வாரமே கைக்கு வந்துவிடும். ஏறும்போது ஒருதரம் தலை எண்ணுவோம், இறங்கும்போது ஒருதரம். என் மனசுக்குள் ஒரு பெரிய பட்டியலே ஓடியது. இவர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன்.

அணைக்கரை டீக்கடையில் ஸ்டூல் இல்லை.

"இப்பதான் சார் பையன்கிட்ட கொடுத்து வண்டில அனுப்பினேன். பேனர்ல கங்கைகொண்ட சோழபுரம்னு போட்டிருந்துச்சே. எதிர்ல பார்க்கலையா?" என்றார் கடைக்காரர். பேனரில் இருந்த நம்பருக்கு இரண்டு தடவை போனும் செய்தாராம். செயலாளரின் போன் போன மாதக் கூட்டத்தில் சத்தத்தைக் குறைத்தது, இன்னும் அப்படியே இருந்தது. ஆக, நாங்கள் ஸ்டூலைத் தேடி இந்தப் பக்கம் வர, ஸ்டூல் எங்களைத் தேடி அந்தப் பக்கம் போயிருக்கிறது. நடுவழியில் எங்கேயோ எதிரெதிரே கடந்திருக்கிறோம்.

முதலில் சிரித்தது வாத்தியார்தான். அப்புறம் பஸ்ஸே குலுங்கியது. தூங்கியவர்கள் எழுந்து என்னவென்று கேட்டார்கள், அவர்களுக்கு முதலிலிருந்து சொன்னார்கள், திரும்பிப் போகிற வழி முழுக்க அதே கதைதான். ஒவ்வொரு தடவையும் ஸ்டூலுக்குக் கொஞ்சம் வேகம் கூடியது.

சரி, அந்தக் கேள்வி. காலையில் ஏறும்போதே செயலாளர் என்னிடம், "கடைசியா ஏறுறவங்க நீங்கம்மா, ஸ்டூல் உங்க பொறுப்பு" என்று சொல்லியிருந்தார். டீக்கடையில் எல்லோரையும் ஏற்றிவிட்டுக் கடைசியாக நான் ஏறும்போது சிங்கப்பூர் ஆபீசிலிருந்து அழைப்பு. காதில் போனை வைத்துக்கொண்டே எட்டி நேராகப் படியில் கால் வைத்தேன். என் காலுக்கு ஸ்டூல் வேண்டியிருக்கவில்லை, அதனால் அது கண்ணிலும் படவில்லை. 28 பேருக்கும் இது தெரிந்திருக்கும். போகும்போதும் வரும்போதும் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை. நான் புது ஸ்டூலுக்குக் காசு கொடுப்பதாகச் சொன்னபோதுகூட.

கோயில் வாசலில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் ஒரு பாட்டி உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார். கொண்டுவந்த பையன் போய்விட்டான். பாட்டி எழுந்து, ஸ்டூலை முந்தானையால் ஒரு துடை துடைத்து, தானே கொண்டுவந்து படிக்கு நேராக வைத்தார். இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நின்றேன், கல் தூண் மாதிரி.

எல்லோரும் இறங்கி முடிவதற்குள் நடை சாத்தியிருந்தார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்ட இருவரும் 'அப்பவே சொன்னோம்' என்று பார்த்தார்கள். வெளியே புல்தரையில் நிழலாக ஒரு பக்கம் ஜமுக்காளம் விரித்தார்கள். அம்மா அந்தக் கோயிலை நாலைந்து தடவை பார்த்திருக்கிறாளாம். தலையை நிமிர்த்தி விமானத்தைப் பார்த்துவிட்டு, "அது அங்கேயேதானே இருக்கும்" என்று சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தாள். எனக்கு மட்டும்தான் அது இன்னும் உறுத்தலாக இருந்தது. டிக்கெட் போட்டுப் பறந்து வந்தவளுக்கு நடை சாத்திய கோயில்!

ஒன்று நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் நிலையத்திலிருந்து பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்குக் கூட்டிப்போயிருந்தோம். ஒரு சீனத் தாத்தாவின் கைத்தடி அங்கேயே நின்றுவிட்டது. பஸ் பாதி தூரம் வந்தபின் சொன்னார். நாங்கள் திரும்பவில்லை, திரும்பும் பேச்சே எழவில்லை. அடுத்த இடத்துக்கு நேரம் குறித்திருந்தது. படிவம் நிரப்பினோம், நிலையத்திலிருந்து வேறு கைத்தடி கொடுத்தோம், மூன்றாம் நாள் அவருடையதும் வந்து சேர்ந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தது. அந்த மூன்று நாளும் தாத்தா கீழே இறங்கி வரவில்லை. காய்ச்சலோ என்னவோ என்று நினைத்தேன். அன்றைக்குப் புல்தரையில் உட்கார்ந்திருக்கும்போதுதான், அந்தக் கைத்தடியை யார் செய்தார்கள் என்று நான் கேட்கவேயில்லை என்பது உறைத்தது.

அதற்காக 18 அங்குலப் படியை நான் மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு பஸ் முதலாளியாவது கீழே ஒரு மடக்குப் படி வைத்தால் என்ன? ஒரு வெல்டிங் பட்டறையில் அரை நாள் வேலை. இதைத்தான் செயலாளரிடம் திரும்பும் வழியில் சொன்னேன். "எழுதிக் கொடுங்கம்மா, தீர்மானமா போட்டுடலாம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். ஜனவரிக் கூட்டத்தில் நிறைவேறிவிட்டதாம், ஒருமனதாக. பஸ் முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை.

போன ஞாயிறு அம்மா வீடியோவில் வந்தாள். அடுத்த பயணம் தரங்கம்பாடி, டேனிஷ் கோட்டைக்கு. கிளீனர் பையன் திரும்ப வேலைக்கு வந்துவிட்டான். ஆனாலும் வாத்தியார் ஸ்டூல் ஓட்டையில் ஒரு நைலான் கயிற்றைக் கோத்து, மறுமுனையை பஸ் கதவுக் கம்பியில் கட்டிவிடுவது என்று ஏற்பாடு செய்திருக்கிறாராம்.

"அப்புறம் உன்கிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னார். அங்கே படியில எல்லாம் சொரசொரன்னு, வழுக்காம இருக்க ஒண்ணு ஒட்டியிருக்கும்னியே, அது கடையில கிடைக்குமா? அடுத்த தடவை வரச்சே வாங்கிண்டு வரணுமாம். அளவு எழுதிக்கோ. 16-க்கு 11. அங்குலத்துல. ஓட்டைக்கு நடுவுல வெட்டவேண்டாம், அதை அவரே பார்த்து வெட்டிப்பாராம்."