பைக் ஃபிட் (சைக்கிளை உடம்புக்கு அளவாகப் பொருத்துவது) செய்து மூன்று வருடம், 14,000 கிலோமீட்டர்: முட்டி எப்படி இருக்கிறது?

எட்டு வயதில் அப்பாவுடைய ஹெர்குலிஸில் குரங்கு பெடல் போட்டுச் சைக்கிள் கற்றுக்கொண்டவன் நான். சீட்டில் உட்கார்ந்தபடி கால் தரையில் நன்றாக ஊன்றினால்தான் அந்தச் சைக்கிள் நமக்கு அளவு என்பது எங்கள் ஊர்ச் சட்டம். 2020 டிசம்பரில், கொரோனா புண்ணியத்தில் ஊரே சைக்கிள் வாங்கிக்கொண்டிருந்த நேரத்தில், 41 வயதில் ஒரு ரோடு பைக் வாங்கியபோதும் அதே சட்டம்தான் தலையில் இருந்தது. கடையில் கையிருப்பில் இருந்தது 56 சைஸ் ஃபிரேம் மட்டும். எனக்கு 54 போதும் என்று அப்போது தெரியாது. கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். "சீட்டை இறக்கிக்கலாம் சார், கரெக்டா வந்துடும்" என்றார், இறக்கித் தந்தார், நானும் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு வரை போய்த் திரும்பிய காலத்தில் ஒன்றும் தெரியவில்லை. மகாபலிபுரம் வரை போக ஆரம்பித்ததும் கைக்கு எட்டாத ஹேண்டில்பாரை எட்டிப் பிடித்ததில் தோள்பட்டை வலித்தது. சீட்டை முன்னால் தள்ளினேன். தோள்வலி குறைந்தது, ஆனால் உட்காரும் இடம் மரத்துப்போக ஆரம்பித்தது. யூடியூபில் ஒருவர் சொன்னபடி சீட்டின் மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்தேன். அந்த மரப்பு போனது, இப்போது சீட்டில் முன்னால் சறுக்கிச் சறுக்கி உடம்பின் பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்க, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போயின. ஹேண்டில்பாரில் டபுள் டேப் சுற்றினேன், ஜெல் வைத்த கையுறை வாங்கினேன். இதற்கிடையில் நண்பர் ஒருவர் பேச்சைக் கேட்டு, ரேஸ் ஓட்டுகிறவர்கள் மாட்டுவார்கள் என்று ஷூவுக்கு அடியில் இருந்து பாதத்தைப் பெடலோடு பூட்டும் ஷிமானோ சிவப்பு கிளீட்டை மாட்டிக்கொண்டேன். என் கூத்தில் இதுதான் உச்சம்.

2021 டிசம்பரில் முதல் 200 கிலோமீட்டர் பிரவே, நேரக்கெடு வைத்த நெடுந்தூரச் சவாரி. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மரக்காணம் வரை போய்த் திரும்புகையில், கல்பாக்கம் பக்கத்தில், 140 கிலோமீட்டர் ஆகியிருக்கும், இடது முட்டியின் முன்பக்கத்தில் ஆணி இறக்கின மாதிரி வலி. பெடலை அழுத்தவே முடியவில்லை. சைக்கிளைக் குட்டியானையில் ஏற்றிவிட்டு டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வீடு வந்தேன். அடுத்த வாரம் பார்த்த எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றார், வயசாகுது, சைக்கிளை விட்டுட்டு நீச்சல் பாருங்க என்றார். நான் சைக்கிள் எப்படி ஓட்டுகிறேன், சீட் எந்த உயரம் என்று ஒரு கேள்வி கூட இல்லை. அவரைச் சொல்லி என்ன, நானே கேட்டுக்கொள்ளவில்லையே.

2022 மார்ச்சில் பைக் ஃபிட்டுக்குப் போனேன். 7,000 ரூபாய். சைக்கிளை நிறுத்தி வைத்து அளவெடுக்க அவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள், எனக்கும் அதே கேள்விதான். கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் ஆனது, அதில் முதல் ஒரு மணி நேரம் ஃபிட் செய்கிறவர் சைக்கிளைத் தொடவே இல்லை. எங்கே வலிக்கிறது, எத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு வலிக்கிறது, ஆபீஸில் எவ்வளவு நேரம் உட்காருகிறேன், பழைய அடி ஏதாவது உண்டா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மல்லாக்கப் படுக்க வைத்துக் காலைத் தூக்கித் தொடையின் பின்தசை எவ்வளவு இழுபடுகிறது என்று பார்த்தார். நான் நின்றால் இடது பாதம் இயல்பாகவே வெளிப்பக்கம் திரும்பி நிற்கிறது என்பதை 42 வருடத்தில் அன்றைக்குத்தான் கவனித்தேன். அப்புறம் ஒரு மெத்தை மேல் உட்காரச் சொல்லி, புட்டத்து எலும்பு இரண்டும் பதிந்த தடத்தை வைத்து இடைவெளியை அளந்தார். என் சீட் 130 மில்லிமீட்டர் அகலம். எலும்பு உட்கார அதில் இடமே இல்லை, பாரத்தை நடுவில் இருக்கும் நரம்பும் சதையும்தான் தாங்கிக்கொண்டிருந்தன. மரத்துப்போகாமல் என்ன செய்யும்?

அதன் பிறகுதான் நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னர் ஸ்டாண்டில் சைக்கிளை ஏற்றினார். இருபது நிமிடம் மிதிக்க விட்டு, வேர்த்து, நான் போஸ் கொடுப்பதை மறந்த பிறகு வீடியோ எடுத்தார். பெடல் அடிமட்டத்தில் இருக்கும்போது முட்டியின் மடிப்பு 25 முதல் 35 டிகிரிக்குள் இருப்பது நல்லது என்பது பரவலான கணக்கு, எனக்கு 40. அதாவது சீட் தாழ்வு. பெடலைத் தாங்கும் கிராங்க் படுக்கையாக இருக்கும்போது, கொத்தனார் வைத்திருப்பாரே அந்த மாதிரி ஒரு தூக்குக்குண்டை முட்டியிலிருந்து தொங்கவிட்டார், அது பெடல் அச்சைத் தாண்டி நன்றாக முன்னால் விழுந்தது. இது ஒன்றும் வேதவாக்கு இல்லை, ஆரம்பப் புள்ளிதான் என்று அவரே சொன்னார். ஆனால் தாழ்ந்த சீட், முன்னால் தள்ளின சீட் இரண்டும் சேர்ந்தால் முட்டி அதிகமாக மடிந்த நிலையிலேயே பலத்தைக் கொடுக்க வேண்டியிருக்கும், முட்டிச்சில் தொடை எலும்போடு அழுந்தும். இதற்கு மேல் அந்தச் சிவப்பு கிளீட். சிவப்பு பாதத்தைத் துளியும் திரும்ப விடாது. நீலம் 2 டிகிரி விடும், மஞ்சள் 6 டிகிரி. வெளியே திரும்ப ஆசைப்படுகிற பாதத்தை நேராகப் பூட்டிவிட்டால் அந்த முறுக்கு எங்கே போகும்? முட்டிக்குத்தான். நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்தாலும் எட்டு மணி நேரத்தில் 38,400 முறை அந்த முறுக்கு. கேட்டதும் எனக்கு என் முட்டி மேலேயே பரிதாபம் வந்தது.

என்ன மாற்றினார் என்றால், சீட்டை 22 மில்லிமீட்டர் ஏற்றி, கிராங்க் சுழலும் அச்சிலிருந்து 72.2 சென்டிமீட்டரில் நிறுத்தினார். கவட்டிலிருந்து தரை வரை உள்ள கால் அளவை 0.883-ஆல் பெருக்கும் கணக்கு ஒன்று உண்டு. டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை மூன்று முறை ஜெயித்த கிரெக் லெமாண்ட் பெயரில் பிரபலமானது. என் 82 சென்டிமீட்டருக்கு அது 72.4 காட்டும், எனக்கு ஃபிட் செய்தவர் 2 மில்லிமீட்டர் குறைத்தார், என் பின்தசை இறுக்கம் என்பதால். சீட்டைப் பின்னால் தள்ளி மட்டமாக்கினார், 145 மில்லிமீட்டர் சீட் மாட்டினார், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் 100 மில்லிமீட்டர் ஸ்டெம்மைக் கழற்றி 80 போட்டு அடியில் ஒரு ஸ்பேசர் வளையம் சேர்த்தார், மஞ்சள் கிளீட் மாட்டினார். தோள்வலிக்கு நான் முதல் நாளே மாற்றியிருக்க வேண்டியது ஸ்டெம், மாற்றியது சீட்டை. சீட்டை நகர்த்திக் கையெட்டும் தூரத்தைச் சரிசெய்யக் கூடாது, அது காலுக்கான அளவு என்றார். இந்த ஒரு வரிக்கே 7,000 தகும். சீட், ஸ்டெம், கிளீட் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 14,000 பக்கம் போனது என்பது வீட்டுக்கு இன்னும் தெரியாது.

முதல் இரண்டு வாரம் கண்றாவியாக இருந்தது, அதை மறைக்கக் கூடாது. சிக்னலில் நின்றால் கால் எட்டவில்லை, சீட்டை விட்டு இறங்கி நிற்கப் பழகவே பத்து நாள் ஆனது. தொடையின் பின்பக்கம் புது வலி. 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று சொல்லியிருந்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமை மீறி 70 போனேன், அனுபவித்தேன். மூன்றாவது வாரம் திரும்பவும் போனதில் சீட்டை 3 மில்லிமீட்டர் இறக்கினார். அதற்குப் பணம் வாங்கவில்லை. ஃபிட்டுக்குப் போகிறவர்கள் இந்த இரண்டாவது தடவை கட்டணத்தில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், ஒரே நாளில் எல்லாம் சரியாகிற உடம்பு யாருக்கும் இல்லை.

அந்த வருட டிசம்பரில் அதே 200, பதினோரு மணி நேரத்தில் முடித்தேன். அடுத்த வருடம் 300. முட்டியில் வலி இல்லை, விரல் மரக்கவில்லை. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஒரு தடவை ஏறிவிட்டேன், மூச்சுதான் போனது, முட்டி போகவில்லை.

ஆனால் கழுத்துவலி போகவில்லை. 150 தாண்டினால் இன்றும் வருகிறது. பெரிய ஃபிரேமில் இதற்கு மேல் ஸ்டெம்மைக் குறைத்தால் சைக்கிள் வெடுக்வெடுக்கென்று திரும்பும் என்று அன்றே சொல்லிவிட்டார். மீதி என் வயிறும் முதுகும் பலம் இல்லாததால் வருவது, பிளாங்க் பயிற்சி போடுங்கள் என்றார். போடுகிற மாதத்தில் குறைகிறது, விட்டால் வருகிறது. ஒரே வாரத்தில் 60-லிருந்து 200-க்குத் தாவினால் எந்த ஃபிட்டும் காப்பாற்றாது என்பதையும் ஒரு தடவை தசைநார் வீங்கித் தெரிந்துகொண்டேன்.

2023 கடைசியில் ஒரு குளறுபடி. கிளீட் தேய்ந்துவிட்டது என்று நானே புதிதாக மாற்றினேன், பழையது இருந்த இடத்தைக் குறிக்காமல். நான்கே சவாரியில் இடது முட்டி பழைய பல்லவியைப் பாடியது. இப்போது கழற்றும் முன் மார்க்கரால் சுற்றிக் கோடு போட்டு, போட்டோவும் எடுத்துக்கொள்கிறேன். சீட் கம்பியிலும் இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன், ஏனென்றால் சர்வீஸுக்கு விட்டால் அங்குள்ள பையன் தன் உயரத்துக்கு இறக்கி ஓட்டிப் பார்த்துவிட்டு அப்படியே தந்துவிடுவான். அதற்காகச் சும்மா சும்மா திருகிக்கொண்டும் இருக்காதீர்கள். 1969-இல் பிரான்ஸின் புளுவா ஊரில் நடந்த விபத்தில் இடுப்பில் அடிபட்ட பிறகு பெல்ஜியத்தின் சைக்கிள் ஜாம்பவான் எடி மெர்க்ஸ் சீட் உயரத்தை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பாராம், ஆனால் அவர் மெர்க்ஸ்.

எல்லாருக்கும் இது தேவையா? வாரம் இரண்டு நாள் 20 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குத் தேவையில்லை என்பேன். குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் கால் நேராக நீள வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. அந்த அளவில் சீட்டை வைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். முட்டியின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம். மூன்று நான்கு வாரம் கழித்தும் வலி நிற்கவில்லை என்றால் பணம் கொடுங்கள். இன்னும் சைக்கிளே வாங்கவில்லை என்றால் அதற்கு முன்னாலேயே கொடுங்கள், தப்பான சைஸ் ஃபிரேமை யாராலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

அடுத்த மாதம் திரும்ப ஒரு தடவை போகிறேன். வயது 46 ஆகிறது, போன வருடம் தொட்ட கால்விரலை இப்போது குனிந்து தொட முடியவில்லை, கழுத்துக்கும் ஏதாவது வழி உண்டா என்று பார்க்க வேண்டும். ஷூவைப் பளபளவென்று துடைத்துப் புது கிளீட் மாட்டி எடுத்துப் போகலாம் என்று இருந்தேன். வேண்டாம், தேய்ந்ததோடயே கொண்டுவாங்க, எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்குன்னு பார்க்கணும் என்றார் போனில்.